வளர்ந்த நாயைத் தத்தெடுக்கும் முன்னும் பின்னும்: வாசகர் கேள்வி–பதில்

காப்பகத்திலிருந்து வளர்ந்த கலப்பின நாயை வீட்டுக்குக் கொண்டுவருவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரும் நாய்ப் பயிற்சியாளரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: குட்டியிலிருந்து வளர்த்தால்தான் நாய் ஒட்டும் என்கிறார்கள் வீட்டில். மூன்று வயது நாய் எங்களை ஏற்றுக்கொள்ளுமா?

ஏற்றுக்கொள்ளும். ஹங்கேரி ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், காப்பகத்து நாய்களோடு ஒரே ஆள் 10 நிமிடம் வீதம் மூன்று முறை மட்டும் பழகினார். அந்தச் சொற்பப் பழக்கத்திலேயே நாய்கள் அவரை அந்நியரிடமிருந்து பிரித்தறிந்து, அவரிடம் நெருக்கம் காட்டத் தொடங்கிவிட்டன. புதிய மனிதரோடு உறவு கொள்ளும் திறன் நாய்க்கு எந்த வயதிலும் போவதில்லை.

3 முதல் 14 வாரம் வரையிலான பருவம் முக்கியம் என்று நீங்கள் படித்திருக்கலாம். எவையெல்லாம் பயப்படத் தேவையில்லாதவை என்று குட்டி பழகிக்கொள்ளும் பருவம் அது. குழந்தைகளையோ மாடிப்படியையோ வண்டிச் சத்தத்தையோ அப்போது அறியாத நாய், பிறகு அவற்றைக் கண்டு மிரளலாம். பழக்க முடியும், நாள் பிடிக்கும். ஆனால் வளர்ந்த நாயிடம் அந்த மிரட்சியை முன்கூட்டியே பார்த்துவிடலாம். உயரம், எடை, முடி, சுறுசுறுப்பு எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. குட்டியிடம் இவை அனைத்தும் ஊகம்தான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 10 மாத நாயையும் 'வளர்ந்த நாய்' என்றுதான் சொல்வார்கள். உடம்பு வளர்ந்திருக்கும், குணம் நிலைக்க இரண்டு வயது, சிலவற்றுக்கு மூன்று வயதுகூட ஆகும். இன்று எல்லா நாய்களோடும் விளையாடுவது, இரண்டு வயதில் சில நாய்களை மட்டுமே சகிக்கும்படி மாறலாம். உள்ளதைப் பார்த்து எடுக்க வேண்டும் என்பவர்களுக்கு மூன்று வயதுக்கு மேற்பட்ட நாய் பொருத்தம்.

கேள்வி: கூண்டுப் பலகையில் 'லேப்ரடார் கலப்பு' என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் சாதுவாகத்தானே இருக்கும்?

அந்தப் பலகை பெரும்பாலும் கண்ணால் பார்த்து எழுதப்பட்டது. தோற்றத்தை வைத்துச் சொல்லும் இனம், மரபணுச் சோதனையோடு பல நேரம் பொருந்துவதில்லை. பொருந்தினாலும் குணத்தைப் பற்றி அது அதிகம் சொல்லாது. 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டு, அவற்றில் 2,000-க்கும் மேற்பட்டவற்றின் மரபணுவையும் படித்தது. நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தால் விளக்க முடிந்தது.

ஆகவே பலகையை விட்டுவிட்டு நாயைப் பாருங்கள். இனம் மெய்யாகவே உதவும் இடம் மருத்துவம். கோலி போன்ற மேய்ப்பு நாய்களின் வழி வந்தவற்றில் எம்.டி.ஆர்.1 என்ற மரபணு மாற்றம் இருந்தால், அதிக அளவு ஐவர்மெக்டின் (ஒட்டுண்ணிகளுக்கான மருந்து) போன்ற சில மருந்துகள் மூளையைத் தாக்கும். அந்தச் சாயல் தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: காப்பகத்துக்குப் போனால் எல்லா நாயும் குரைக்கிறது, அல்லது மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

கூண்டுக்குள் தெரிவது அந்த இடத்தின் நெருக்கடி. நிறைய நாய்கள் உள்ள கூடங்களில் சத்தம் 100 டெசிபெலைத் தாண்டுவது உண்டு, தூக்கமும் கெடும். கம்பியில் பாயும் நாய் வெளியே வந்ததும் அமைதியாகிவிடலாம். 'எவ்வளவு சாது!' என்று தோன்றுகிற, அசையாமல் கிடக்கும் நாய், உண்மையில் பயத்தில் உறைந்து போயிருக்கலாம். இரண்டாவதைத் தவறாகப் படிப்பதுதான் அதிகம் நடக்கிறது. வீட்டுக்கு வந்து சில வாரத்தில் பயம் தெளிந்ததும் அது குரைக்கும், இழுக்கும், மறுக்கும். எடுத்தவர்கள் திகைத்துப் போகிறார்கள்.

எனவே நாயைச் சத்தமில்லாத இடத்துக்கு வெளியே கொண்டுவரச் சொல்லி, அரை மணி நேரமாவது இருங்கள். முதல் 10 நிமிடம் அது மண்ணை மோப்பம் பிடிக்கும், கூப்பிடாதீர்கள், தொடாதீர்கள். அதன் பிறகு தானாக உங்களிடம் வந்து பார்த்துவிட்டுப் போகிறதா? மோப்பத்துக்கு நடுவே தலை தூக்கி உங்களைத் தேடுகிறதா? இவை நல்ல அறிகுறிகள். சாவிக்கொத்தைச் சற்றுத் தள்ளிக் கீழே போடுங்கள். திடுக்கிடுவது இயல்பு. சில நொடியில் தெளிந்து அதையே முகர வந்தால் மனத்திடம் உள்ள நாய். பல நிமிடம் வாலை இடுக்கிக்கொண்டு விலகியே நின்றால், சந்தடி மிகுந்த வீடு அதற்குச் சரிப்படாது.

தொடுதலையும் சோதியுங்கள். மார்பிலோ தோளிலோ மூன்று நொடி வருடிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். நெருங்கி வந்தால் இன்னும் வேண்டும் என்கிறது. முகத்தைத் திருப்புவது, உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது எல்லாம் 'போதும்' என்பதற்கான அடையாளங்கள். சுவையான தின்பண்டத்தைக்கூட வாங்காத நாய் மிகுந்த நெருக்கடியில் இருக்கிறது. அன்றைய நடத்தையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இன்னொரு நாள், வேறொரு நேரத்தில், வீட்டில் இருக்கும் அனைவரையும் அழைத்துக்கொண்டு மறுபடி போங்கள்.

ஊழியர்களிடம், முக்கியமாகத் தினமும் சோறு வைத்துக் கூண்டு கழுவுபவரிடம், கேளுங்கள். தெருவில் பிடித்ததா, வீட்டார் கொண்டுவந்து விட்டதா? ஏற்கெனவே யாராவது எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்தார்களா, ஏன்? ஊசி போடும்போதும் குளிப்பாட்டும்போதும் என்ன செய்கிறது? கடித்திருக்கிறதா? கடித்திருந்தால் யாரை, அதற்கு முந்தைய நொடியில் என்ன நடந்தது, தோல் கிழிந்ததா? ஊசி போட வந்தவரை ஒருமுறை கவ்விய நாய்க்கும், நடந்து போனவரை விரட்டிப் பலமுறை கடித்த நாய்க்கும் வெகு தூரம். சாப்பாட்டுத் தட்டைத் தொட்டால் உறுமியது என்று குறிப்பில் இருந்தால், அதை மட்டும் வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். காப்பகத்தில் அப்படி உறுமிய நாய்களில் பல, வீட்டில் உறுமுவதில்லை.

சில வாரத்துக்கு வளர்ப்புப் பொறுப்பாக மட்டும் எடுத்துப்போக அனுமதி உண்டா என்றும் விசாரியுங்கள். அதைவிடத் தெளிவான சோதனை வேறில்லை.

கேள்வி: 'வயது சுமார் 4' என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பல்லை வைத்து. நாய்க்கு 42 நிரந்தரப் பற்கள். சுமார் 7 மாதத்துக்குள் முளைத்துவிடும். அதுவரை வயதை ஓரளவு துல்லியமாகச் சொல்லலாம். அதன் பிறகு காறையையும் தேய்மானத்தையும் பார்த்து மதிப்பிடுவதுதான். கம்பியைக் கடிக்கும் பழக்கம் உள்ள 2 வயது நாயின் பல், 6 வயது போலத் தேய்ந்திருக்கும். கண்மணியில் நீலம் கலந்த மங்கல் தெரிந்தால் பெரும்பாலும் 7 வயதுக்கு மேல். '4' என்றால் மூன்றிலிருந்து ஆறுக்குள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தடுப்பூசி, கருத்தடை எல்லாம் முடித்துத்தான் கொடுக்கிறார்கள். உடனே மருத்துவரிடம் போக வேண்டுமா?

முதல் வாரத்துக்குள் போங்கள். காப்பகம் கொடுக்கும் தாள்களை அப்படியே கொண்டுபோங்கள். தடுப்பூசி அட்டையில் ஊசிக் குப்பியின் ஸ்டிக்கர், தொகுதி எண், தேதி, மருத்துவர் கையெழுத்து நான்கும் இருக்க வேண்டும். வெறும் 'போட்டாயிற்று' போதாது. முன்கதை தெரியாத வளர்ந்த நாய்க்கு, பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரு வைரஸ் நோய்களுக்கும் சேர்ந்த ஊசியை 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு முறை போடுவது வழக்கம். லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக் காய்ச்சல்) ஊசி போட்டால் அதற்கும் இரண்டு தவணை கட்டாயம். ரேபிஸ் ஊசி தனி. அடுத்த தவணை எப்போது என்பது ஊசி வகையையும் அந்தந்த இடத்துச் சட்டத்தையும் பொறுத்தது.

மலச் சோதனையும் ரத்தச் சோதனையும் கேட்டு வாங்குங்கள். உண்ணி பரப்பும் எர்லிகியா, பபீசியா போன்ற நோய்கள் வெளியில் தெரியாமல் மாதக்கணக்கில் இருக்கும். ரத்தத் தட்டணு குறைந்திருப்பது சில நேரம் முதல் தடயம். கொசுவால் பரவும் இதயப்புழுவுக்கான சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமான சோதனை முதிர்ந்த பெண் புழுவின் புரதத்தைத் தேடுகிறது. தொற்று ஏற்பட்டுச் சுமார் 6 மாதம் ஆன பிறகே அது தெரியும். இன்று 'இல்லை' என்று வந்தாலும் 6 மாதம் கழித்து மீண்டும் பார்ப்பது அவசியம். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

தோளுக்கு நடுவே, தோலுக்கடியில் மைக்ரோசிப் (அடையாள எண் உள்ள சிறு சில்லு) இருக்கிறதா என்று கருவியால் தேடச் சொல்லுங்கள். சிப் இடம் நகர்ந்திருக்கலாம், தோள்பட்டை, முன்னங்கால் வரை தேட வேண்டும். 15 இலக்க எண் கிடைத்தால், பதிவில் உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் வந்துவிட்டனவா என்று நீங்களே சரிபாருங்கள். பழைய எண்ணோடு இருக்கும் சிப், நாய் தொலைந்தால் உங்களிடம் கொண்டுவந்து சேர்க்காது.

கருத்தடை செய்த ஆண் நாயைச் சுமார் 6 வாரம் கருத்தடை செய்யாத பெண் நாயிடம் விடாதீர்கள். மிஞ்சிய விந்தணுவால் சினையாகலாம். மனிதர்களுக்கான பாராசிட்டமால், இபுபுரூஃபன் மாத்திரைகளை நாய்க்குத் தராதீர்கள், நஞ்சாகும். வீட்டில் பூனை இருந்தால், பெர்மெத்ரின் உள்ள உண்ணி மருந்தை நாய்மேல் ஊற்றக் கூடாது. நாயோடு உரசும் பூனைக்கு அது உயிராபத்து.

கேள்வி: முதல் சில நாள் என்ன செய்ய வேண்டும்? எவ்வளவு சாப்பாடு?

குறைவாகச் செய்யுங்கள். விருந்தாளி, குளியல், கடைவீதி எதுவும் முதல் வாரம் வேண்டாம். வண்டியிலிருந்து இறங்கியதும் மலஜலம் கழிக்க வேண்டிய இடத்துக்கு நேராக அழைத்துப்போங்கள். போன பிறகு வீட்டுக்குள். ஒரே ஓர் அறையில் படுக்கை, தண்ணீர், மறைவாக ஒரு மூலை. தூங்கும் நாயைக் கொஞ்ச எழுப்பாதீர்கள். மூன்று நாளில் படபடப்பு அடங்கும், மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று தெளியும் என்று ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. மிரண்ட நாய்க்கு இதுவே போதாமல் போகும்.

அதிகம் பேர் நாயைத் தொலைப்பது முதல் சில நாட்களில்தான். வீட்டு வழியும் தெரியாது, உங்கள் குரலும் பழக்கமில்லை. கழுத்துப்பட்டையில் ஒரு லீஷ் (பிடிகயிறு), ஹார்னஸில் (மார்புப் பட்டையில்) ஒரு லீஷ் என இரண்டு பிடி வையுங்கள். பின்னோக்கி இழுத்து உருவிக்கொள்ளும் நாய்க்கு, இழுத்தால் அளவோடு இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை நல்லது. வீட்டில் அதைக் கழற்றிவிடுங்கள். சாதாரணப் பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைந்தால் சரியான அளவு. உங்கள் எண் பொறித்த வில்லை முதல் நாளிலேயே கழுத்தில் இருக்கட்டும்.

முதல் ஒரு நாள் சாப்பிடாமல் இருக்கலாம், மலம் இளகலாம். தண்ணீரும் குடிக்காவிட்டால், மலத்தில் ரத்தம் கண்டால், வாந்தி நிற்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். காப்பகத்தில் தின்ற உணவையே ஒரு வாரத்துக்கு வாங்கி வையுங்கள். பிறகு கால் பங்கு புதியது, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று 7 முதல் 10 நாளில் மாற்றுங்கள்.

கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு 10 கிலோ எடைக்கு சுமார் 630 கலோரி, 15 கிலோவுக்கு 850, 20 கிலோவுக்கு 1,060 என்று தொடங்கலாம். 100 கிராமில் 360 கலோரி உள்ள உலர் உணவு என்றால், 15 கிலோ நாய்க்கு 235 கிராம். இரு வேளையாகப் பிரிக்கவும். பயிற்சித் தின்பண்டம் இதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. எலும்பும் தோலுமாக வந்த நாய்க்கு மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம். பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் உப்புகளின் அளவு குலைந்து உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவர் சொல்லும் அளவில் சிறிது சிறிதாகத்தான் ஏற்ற வேண்டும். திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு, சாக்லேட், சர்க்கரைக்கு மாற்றான சைலிட்டால் கலந்த இனிப்பு, வேகவைத்த எலும்பு எந்த நாய்க்கும் ஆகாது.

கேள்வி: வளர்ந்த நாய் வீட்டுக்குள் சிறுநீர் போகிறதே! அதட்டலாமா?

வேண்டாம். அதட்டினால், உங்கள் கண்ணுக்கு முன் போகக் கூடாது என்று கற்றுக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் போகும். வெளியே கூட்டிப்போனாலும் உங்கள் முன் போகாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும், மற்ற நேரம் 2–3 மணி நேரத்துக்கு ஒருமுறையும் ஒரே இடத்துக்கு அழைத்துப்போங்கள். முடித்த ஓரிரு நொடிக்குள், அதே இடத்தில், தின்பண்டம் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. தரையை என்ஸைம் கலந்த திரவத்தால் துடையுங்கள். மிஞ்சிய சிறுநீரின் அம்மோனியா வாடை அதே இடத்துக்கு மறுபடி இழுக்கும். அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனால், தூக்கத்தில் கசிந்தால், சிறுநீர்ச் சோதனை செய்யுங்கள்.

கேள்வி: தட்டருகே போனால் உறுமுகிறது. எஜமானர் யார் என்று காட்ட வேண்டும், தட்டைப் பிடுங்கு என்கிறார் நண்பர்.

நண்பர் பேச்சைக் கேட்காதீர்கள். உறுமல் ஒரு எச்சரிக்கை. நீங்கள் பத்திரமாக விலக நாய் கொடுக்கும் அவகாசம். அதற்காக அடித்தால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும். அப்புறம் சத்தமில்லாமல் கடிக்கும். தட்டைப் பிடுங்கினால், 'இவர்கள் வந்தால் சோறு போய்விடும்' என்ற அதன் சந்தேகம் உறுதியாகிறது.

எதிர்மாறாகச் செய்யுங்கள். நாய் விறைக்காத தூரத்தைக் கண்டுபிடியுங்கள், இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே நடந்து போகும்போது தட்டில் இருப்பதைவிடச் சுவையான துண்டு ஒன்றைத் தட்டுப் பக்கம் போட்டுவிட்டு நிற்காமல் போங்கள். ஒரு வேளைக்கு ஐந்தாறு முறை. நீங்கள் வருவதைக் கண்டு தலை தூக்கி வாலைத் தளர்வாக ஆட்டத் தொடங்கினால் அரை மீட்டர் நெருங்கலாம். தின்னும் வேகம் கூடுவது, உடம்பு அசைவற்று நிற்பது, ஓரக்கண்ணால் பார்ப்பது மூன்றும் உறுமலுக்கு முந்தைய அடையாளங்கள். கண்டால் பழைய தூரத்துக்குப் போங்கள். இந்தப் பயிற்சி பெரியவர்களுக்கு மட்டும். குழந்தை உள்ள வீட்டில் நாய் மூடிய கதவுக்குப் பின்னால் சாப்பிடட்டும்.

எந்த நாய் கடித்துத் தோல் கிழிந்தாலும், ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். நம் வீட்டு நாய்தானே என்று விட்டுவிடக் கூடாது.

கேள்வி: ஏற்கெனவே ஒரு நாய் இருக்கிறது. எப்படிச் சேர்ப்பது?

முதலில் 10 முதல் 14 நாள் தனித்தனி அறை, தனித் தட்டு. காப்பக இருமல், பார்வோ போன்றவை பெரும்பாலும் இதற்குள் வெளிப்பட்டுவிடும். பிறகு இரண்டுக்கும் பழக்கமில்லாத வெளியிடத்தில், இரண்டு பேர் ஆளுக்கொன்றாகப் பிடித்து, 10 மீட்டர் இடைவெளியில் ஒரே திசையில் நடங்கள். ஒன்றையொன்று முறைக்காமல் மண்ணை முகரத் தொடங்கினால் மெல்ல இடைவெளியைக் குறையுங்கள். மூன்று நொடி முகர்ந்ததும் கூப்பிட்டு நகருங்கள். லீஷ் தொய்வாக இருக்கட்டும். இறுகிய லீஷே பல சண்டைக்குக் காரணம். வீட்டில் முதல் சில வாரம் எலும்பு, பொம்மை, தட்டு எதுவும் பொதுவில் கிடக்கக் கூடாது. ஆளில்லாத நேரம் தனித்தனியே விடுங்கள்.

கேள்வி: தனியே விட்டுப் போனால் ஊளையிடுகிறது, கதவைப் பிறாண்டுகிறது. கூண்டில் அடைக்கலாமா?

பீதியில் இருக்கும் நாயைக் கூண்டில் அடைத்தால் பல்லும் நகமும் உடையும். முதலில் கைப்பேசியை வைத்துப் படம் பிடியுங்கள். நீங்கள் போன அரை மணிக்குள், வாயில் பக்கமாகவே, எச்சில் ஒழுக மூச்சிரைத்துக்கொண்டு செய்தால் அது பிரிவுப் பதற்றம். ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து செருப்பைக் கடித்தால் அலுப்பு. அதற்கு நடையும், மோப்ப விளையாட்டும், கடிக்க ஏற்ற பொருளும் போதும்.

பதற்றத்துக்கு, நாய் கலங்காத கால அளவிலிருந்து தொடங்க வேண்டும். அது ஐந்து நொடியாகக்கூட இருக்கலாம். வெளியே போய், கலங்கும் முன்பே திரும்புங்கள். நேரத்தைச் சீராகக் கூட்டாமல் 5, 12, 8, 20 நொடி என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பயிற்சி நடக்கும் வாரங்களில் நாயை அதன் எல்லைக்கு மேல் தனியே விடாதிருப்பதுதான் கடினமான பகுதி. உறவினரோ அண்டை வீட்டாரோ துணை வேண்டும். பாதிப் பேருக்குப் பயிற்சி பலிக்காமல் போவது இந்த இடத்தில்தான் என்று தோன்றுகிறது. தீவிரமாக இருந்தால் மருத்துவர் பதற்றம் தணிக்கும் மருந்தான ஃபுளூவாக்ஸெட்டின் அல்லது குளோமிப்ரமின் எழுதுவார். முழுப் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். மருந்தோடு பயிற்சியும் தொடர வேண்டும்.

கேள்வி: கயிற்றை உருவிக்கொண்டு ஓடிவிட்டால்?

துரத்தாதீர்கள். பக்கவாட்டாகத் திரும்பிக் கீழே உட்கார்ந்து தின்பண்டத்தைச் சிதறவிடுங்கள். கண்ணுக்கு மறைந்துவிட்டால், ஓடிய இடத்தில் அதன் படுக்கையையும் நீங்கள் அணிந்த துணியையும் போட்டுவிட்டு, காப்பகத்துக்கும் சிப் பதிவகத்துக்கும் உடனே சொல்லுங்கள். மிரண்ட நாய் சத்தம் அடங்கிய பின்னிரவிலும் அதிகாலையிலும் திரும்பி வரும். கூட்டமாகத் தேடிப் போனால் இன்னும் தொலைவுக்குத்தான் ஓடும்.

கேள்வி: இரண்டு மாதமாக முயன்றும் எங்கள் குழந்தையை அது சகிக்கவில்லை. திருப்பிக் கொடுப்பது பாவமா?

இல்லை. முதலில் வலி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். காது, பல், இடுப்பு மூட்டு வலியில் உள்ள நாய் குழந்தையின் திடீர் அசைவுகளைத் தாங்காது. அதுவும் இல்லை, பயிற்சியாளர் வந்து பார்த்தும் குழந்தை அறைக்குள் வந்தாலே விறைக்கிறது, பாய்கிறது என்றால், இந்த வீடு அதற்குப் பொருந்தவில்லை. குழந்தையில்லாத வீட்டில் அதே நாய் நிம்மதியாக வாழக்கூடும்.

வேறு யாருக்கும் கைமாற்றிவிடாமல், எடுத்த காப்பகத்திலேயே கொடுங்கள்; பல ஒப்பந்தங்களில் அது நிபந்தனையாகவே இருக்கும். உடன் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். என்ன சாப்பிடுகிறது, எத்தனை மணி நேரம் தனியே இருக்கும், எந்தச் சொல்லுக்கு வருகிறது, எதைக் கண்டு மிரள்கிறது, குழந்தை எவ்வளவு தூரத்தில் வரும்போது விறைக்கிறது, கவ்வ முயன்றதா, பல் பட்டதா, எந்த மருந்து எந்தத் தேதி வரை கொடுத்தீர்கள். கடித்ததை மறைக்காதீர்கள். அடுத்து எடுக்கப்போகும் வீட்டிலும் குழந்தை இருக்கலாம்.